மாரிகாலத்தில் சின்னப் பிள்ளையோடு திருகோணமலையில் வெளியே போவது எப்படி?

வங்கி வேலை, ஆசிரியர் நியமனம், கச்சேரி (மாவட்டச் செயலக) வேலை என்று இடமாற்றம் கிடைத்து, ஐப்பசி கார்த்திகையில் திருகோணமலைக்கு வந்து இறங்கும் குடும்பங்கள் எங்கள் ஒழுங்கையில் வருடத்துக்கு ஒன்றிரண்டாவது இருக்கும். கடற்கரை ஊர், பிள்ளைக்கு விளையாட இடம் இருக்கும் என்று நம்பி வந்திருப்பார்கள். வந்த மூன்றாம் நாளே வாடகை வீட்டு விறாந்தையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மழையைப் பார்த்தபடி நிற்பார்கள். அப்படி நின்ற ஒரு தாய் போன மாரியில் மதிலுக்கு மேலால் என்னைக் கேட்டார்: "அக்கா, இந்த மழைக்குள்ள இவனை எங்க கூட்டிக்கொண்டு போறது?" அன்று மதிலடியில் நின்று அவருக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். எனக்கும் இரண்டரை வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளோடு இது மூன்றாவது மாரி.

கொழும்பில் போலப் பெரிய கடைத்தொகுதி ஒன்றுக்குள் நுழைந்து அரை நாளைக் கழிக்கும் வழக்கம் இங்கே சரிவராது. மழை நாளில் வெளியே போவதென்றால் ஓர் இடம், ஒரு மணித்தியாலம், அந்த இடத்தில் கட்டாயம் ஒரு கூரை. இந்தக் கணக்கில் போனால் பிள்ளையும் சந்தோஷமாக இருக்கும், நீங்களும் களைக்காமல் வீடு திரும்புவீர்கள். போன வருடத்துக்கு முந்திய மாரியில் ஒரே காலையில் கோயில், கோட்டை, சந்தை என்று மூன்று இடம் போடப் பார்த்தேன். இரண்டாவது இடத்திலேயே மகள் நனைந்து, பசித்து, நித்திரைக்கு அழத் தொடங்கினாள். மூன்றாவது இடத்தை நாங்கள் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் இரண்டு இடம் திட்டமிட்டதில்லை.

முதலில் மழையைத் தெரிந்துகொள்ளுங்கள்

நாட்டின் மேற்கிலோ தெற்கிலோ இருந்து வருபவர்களுக்கு வைகாசி, ஆனிதான் மழைக்காலம். இங்கே அது தலைகீழ். அந்த மாதங்களில் நமக்கு வெயிலும் சோளகக் காற்றும்தான். ஒக்டோபரில் தொடங்கும் மழை, வடகீழ்ப் பருவக்காற்றோடு நவம்பர், டிசம்பரில் உச்சத்துக்குப் போய், ஜனவரியில் மெல்லக் குறையும். இந்தக் காலத்தைத்தான் ஊரில் மாரி என்கிறோம்.

மாரிக்குள்ளும் மழை ஒரே மாதிரி இல்லை. ஒக்டோபரில் காலை நல்ல வெயிலாக இருக்கும். மத்தியானம் திரும்பியதும் மேற்குப் பக்கம் கறுத்து, இடி மின்னலோடு கொட்டும். ஆகவே அந்த மாதத்தில் வெளியே போவதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். நவம்பர் பிற்பகுதியிலும் டிசம்பரிலும் மழை கடலில் இருந்து வரும். இடி குறைவு, ஆனால் பொழியும், விடும், திரும்பப் பொழியும். இந்த விடும் நேரம் இருக்கிறதே, அதுதான் உங்கள் நேரம். சில நாள் இருபது நிமிடம் கிடைக்கும், சில நாள் இரண்டு மணித்தியாலம். கிழக்கே கடல் பக்கம் வெளுத்திருந்தால் துணிந்து புறப்படலாம். அங்கே சாம்பல் நிறத்தில் திரை போல இறங்கியிருந்தால் இன்னும் ஒரு பாட்டம் வரப்போகிறது என்று அர்த்தம். ஜனவரித் தூறல் ஒன்றும் செய்யாது. வாடைக்காற்றுக்குப் பிள்ளையின் காதையும் நெஞ்சையும் மூடினால் போதும்.

இடிக்கு மட்டும் ஒரு கணக்கு வைத்திருங்கள். மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால் வெளியே நிற்கக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை வீட்டுக்குள்ளேயே இருங்கள். மரத்தடி பாதுகாப்பு இல்லை. கடற்கரையும் மைதானமும் அதைவிட மோசம்.

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலியில் சொன்னால் அன்றைக்கு எங்கேயும் போக வேண்டாம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி சூறாவளி எங்களுக்குக் கொஞ்சம் வடக்கே கரையேறியது. ஆகவே இந்த ஊர் எச்சரிக்கையை யாரும் சும்மா எடுப்பதில்லை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைக் காலையில் ஒருமுறை பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அதை இன்றைக்கே போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையின் நேரத்துக்குப் புறப்படுங்கள்

ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளுக்கு காலைச் சாப்பாடு முடிந்த பிறகு, மத்தியான நித்திரைக்கு முன்னால் உள்ள நேரம்தான் நல்ல நேரம். எங்கள் வீட்டில் அது எட்டரை முதல் பத்தரை வரை. கோயில்களும் அந்த நேரத்தில்தான் திறந்திருக்கும். மத்தியானப் பூசை முடிந்ததும் நடை சாத்திவிடுவார்கள், பிறகு பின்னேரம்தான். எட்டரைக்கு மழை பெய்தால் உடுப்பு மாற்றாமல் காத்திருங்கள். பிள்ளைக்குச் சப்பாத்துப் போட்டுவிட்டு மழை விடும் வரை கதவடியில் நிறுத்தி வைத்தால், அந்த அழுகையை நீங்கள்தான் தாங்க வேண்டும். முதலில் பை, பிறகு உங்கள் உடுப்பு, மழை நன்றாகத் தணிந்த பிறகு பிள்ளையின் சப்பாத்து. இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம்.

பை

பெரிய பை வேண்டாம். இரண்டு கையும் சும்மா இருக்கும்படி தோளில் மாட்டும் பையே நல்லது. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் குடை என்று ஆகிவிடும். உள்ளே ஒரு சோடி மாற்று உடுப்பு, அதை இறுக்கிக் கட்டிய சொப்பிங் பைக்குள் வையுங்கள். நனைந்ததைப் போட இன்னொரு வெறும் சொப்பிங் பை. மெல்லிய பருத்தித் துவாய் ஒன்று. தடித்த துவாய் ஒருமுறை நனைந்தால் பையே பாரமாகிவிடும். பேம்பர்ஸ் இரண்டு. இளஞ்சூட்டுத் தண்ணீர் ஒரு சின்னப் பிளாஸ்கில். கையால் எடுத்துச் சாப்பிடக்கூடிய ஏதாவது ஒன்று. என் மகளுக்கு அவித்த மரவள்ளித் துண்டு, இல்லாவிட்டால் வாழைப்பழம். பிஸ்கட் ஈரக்காற்றில் நமத்துப் போகும், பிள்ளை துப்பிவிடும்.

கச்சான் (நிலக்கடலை) சுருளை நாங்கள் பெரியவர்கள்தான் சாப்பிட வேண்டும். டச்சுக்குடாக் கடற்கரையில் சுடச்சுட விற்கிறார்கள் என்று பிள்ளையின் கையில் கொடுத்துவிடாதீர்கள். நான்கு வயது வரை முழுக் கச்சான் தொண்டையில் அடைக்கக் கூடியது.

மழைக்கோட்டு வாங்குவதாக இருந்தால் தலைமூடி இணைந்த, முன்னால் பூட்டும் மாதிரிதான் நல்லது. தலை வழியாகப் போடும் மாதிரியை இந்த வயதில் எந்தப் பிள்ளையும் போட விடாது. காலுக்கு, பின்வார் உள்ள றப்பர்ச் செருப்பு. தள்ளுவண்டியை வீட்டில் விட்டுவிடுங்கள். இங்குள்ள நடைபாதைகளில், அதுவும் மழையில், அது ஓடாது.

எதில் போவது?

ஓட்டோதான். மழைக்குப் பக்கவாட்டில் இறக்கிவிடும் படங்கு இரண்டு பக்கமும் கிழியாமல் இருக்கிறதா என்று ஏறுமுன் பாருங்கள். பிள்ளையை நடுவில் இருத்தி, இரண்டு பெரியவர்கள் இரு பக்கமும் இருந்தால் நல்லது. ஒருவர்தான் போகிறீர்கள் என்றால் மடியில் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். மீற்றர் இல்லாத ஓட்டோ என்றால் போவதற்கும், காத்து நிற்பதற்கும், திரும்பி வருவதற்கும் சேர்த்து ஏறுமுன்பே விலை பேசிவிடுங்கள். மழை பிடித்த பிறகு திரும்ப ஓட்டோ தேடுவது கஷ்டம். காத்து நிற்கும் ஓட்டோ அந்த நேரத்தில் உங்களுக்கு ஒரு சின்ன வீடு மாதிரி.

மோட்டார் சைக்கிளில் முன்னால் பிள்ளையை நிறுத்தி, மழைக்கோட்டுக்குள் மூடிக்கொண்டு போகிறவர்களை ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். பார்க்கும் போதெல்லாம் மனம் பதறுகிறது. தார் வீதியில் முதல் மழைக்கு எண்ணெய்ப் படலம் மேலே வந்து சறுக்கும். வெள்ளம் நிற்கும் இடத்தில் குழி தெரியாது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

இன்னொன்று, கான். வீதியோரக் கான்கள் சில இடங்களில் மூடியில்லாமல் இருக்கும். மழைத் தண்ணீர் நிறைந்ததும் வீதியும் கானும் ஒரே மட்டமாகத் தெரியும். தெரியாத வீதியில் தண்ணீர் நின்றால், உங்கள் கணுக்காலுக்கு மேலே இருந்தால், பிள்ளையை நடக்க விடாதீர்கள், நீங்களும் ஓரமாக நடக்காதீர்கள். எங்கள் பக்கத்து ஒழுங்கையில் என் கண் முன்னாலேயே ஒரு பெரிய மனிதர் இடுப்பு வரை இறங்கிப் போனார். அவர் கையில் பிள்ளை இல்லாதது அந்த நாளின் நல்ல காலம்.

எங்கே போவது?

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது பத்திரகாளி அம்மன் கோயில். நகரின் நடுவில், மக்கெய்சர் மைதானத்துக்கு அருகில் இருக்கிறது. உள்ளே போனால் தலைக்கு மேலே முழுவதும் வண்ணம் தீட்டிய சிற்பங்கள். பெரியவர்கள் கும்பிட்டுவிட்டுக் குனிந்து போய்விடுவோம். சின்னப் பிள்ளைகளோ தோளில் சாய்ந்து மேலே பார்ப்பார்கள், அவர்களுக்கு அது ஒரு படப்புத்தகம். என் மகளுக்கு இரண்டு வயது ஆனபோது "அங்க சிங்கம், இங்க மயில்" என்று விரல் நீட்டி நீட்டி அரை மணித்தியாலம் போனது. மழை கூரையில் விழும் சத்தமும், உள்ளே விளக்கு வெளிச்சமும், சாம்பிராணி மணமும் சேர்ந்து பிள்ளையை அமைதியாக்கிவிடும்.

போகும்போது கவனிக்க வேண்டியது, செருப்பைக் கழற்றிய பின் நிலம் ஈரமாக இருக்கும். பிள்ளை ஓடினால் சறுக்கும். ஆகவே நடக்க விட்டாலும் கையை விடாதீர்கள். பூசை நேரத்து மேளமும் மணியும் சில பிள்ளைகளுக்குப் பயம். பழகும் வரை வாசல் பக்கமாக நில்லுங்கள், திரும்பிப் போக வழி இருக்கும். வெள்ளிக்கிழமை கூட்டமாக இருக்கும் என்பதால் முதல் தடவைக்கு வேறு நாளாகப் பாருங்கள். வேதக்காரர்களாக இருந்தால் புனித மரியாள் பேராலயம் இதே போல அமைதியான இடம். பள்ளிவாசல் பக்கத்து உறவினர் வீட்டு விறாந்தையில் மழைக்குப் போய் இருந்துவிட்டு வரும் தோழி ஒருத்தியும் எனக்கு உண்டு.

இரண்டாவது, கோட்டைக்குள் மான் பார்க்கப் போவது. மழை நாள் என்றால் என் மகள் முதலில் கேட்பது இதைத்தான். இந்த ஊரின் புள்ளிமான்கள் காட்டுக்குள் ஒளிந்து வாழ்பவை இல்லை. பிரெட்ரிக் கோட்டைக்குள் கூட்டமாக மேயும், சில வேளை வீதிக்கும் வரும். மழை பெய்து விட்ட நேரத்தில் கோட்டைக்குள் போனால் பெரிய மரங்களுக்குக் கீழே மயிர் நனைந்து, காதை ஆட்டிக்கொண்டு நிற்பதைக் காணலாம். வெயிலில் அவை படுத்துக் கிடக்கும். ஆகவே மழைக்குப் பிந்திய நேரம் உண்மையாகவே நல்லது, புல்லுக்கு எல்லாம் எழும்பி வரும்.

போர்த்துக்கேயர் 1624இல் கட்டிய கோட்டை அது. அதற்கு முன்பு அங்கே நின்ற கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களையும் கொண்டு கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர் கைக்குப் போய், ஆங்கிலேயர் 1803இல் இப்போதைய பெயரை வைத்தார்கள். இன்றும் உள்ளே இராணுவ முகாம் இருக்கிறது. ஆகவே பாதையை விட்டு விலகிப் போகாதீர்கள், முகாம் பக்கம் படம் எடுக்காதீர்கள். பிள்ளைக்கு இந்த வரலாறு எல்லாம் இப்போது தேவையில்லை. ஓட்டோ வாசல் வளைவுக்குள் நுழையும்போது "இருட்டு, இருட்டு, வெளிச்சம்!" என்று சொல்லிக் காட்டுங்கள். அது போதும்.

மானிடம் ஐந்தாறு அடி தள்ளியே நில்லுங்கள். கொம்புள்ள கிடா நின்றால் இன்னும் தள்ளி. பிள்ளையின் கையில் சாப்பாடு இருந்தால் மான் தேடி வரும். ஆகவே கோட்டைக்குள் சாப்பாட்டுப் பையைத் திறக்கவே வேண்டாம். பாண், பிஸ்கட், ரொபிப் பேப்பர் எதுவும் அவற்றுக்குக் கொடுக்கக் கூடாது. இந்த ஊர் மான்கள் சொப்பிங் பையைத் தின்று செத்துப் போகின்றன. சாப்பாட்டு மணம் பிடித்த பைதான் அவற்றுக்கு இரை. உங்கள் கையில் இருந்து ஒரு பை காற்றுக்குப் பறந்தால் ஓடிப் போய் எடுங்கள். சின்னப் பிள்ளைக்கு நாம் இந்த ஊரில் சொல்லிக் கொடுக்கக்கூடிய முதல் பாடம் இது என்று நினைக்கிறேன். என் மகள் இப்போது வீதியில் எங்கே பையைக் கண்டாலும் "மான் சாப்பிடும், எடுங்கோ" என்கிறாள்.

கோட்டைப் பாதை மேலே ஏறிப் போய்த் திருக்கோணேஸ்வரத்தில் முடியும். மானைப் பார்த்த அதே நாளில் கோயிலுக்கும் ஏறிவிடலாம் என்று தோன்றும். நான் தனித்தனி நாளாகவே வைத்திருக்கிறேன். சுவாமி மலை உச்சியில் மூன்று பக்கமும் கடல், மாரியில் காற்று குடையைத் திருப்பிவிடும். கல்லில் பாசி பிடித்திருக்கும். தூறல் நாளில், காற்று இல்லாத காலையில், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம். இராவணன் வெட்டு என்று சொல்லும் மலைப் பிளவின் பக்கம் மரத்தில் பிள்ளைவரம் கேட்டுக் கட்டிய சின்னச் சின்னத் தொட்டில்கள் தொங்கும். அதை என் மகள் பொம்மைத் தொட்டில் என்று நினைத்து, தன் பொம்மையையும் படுக்க வைக்கக் கேட்டாள். அந்த ஓரத்தில் பிள்ளையைக் கீழே இறக்கிவிடாதீர்கள். நல்ல மழையிலோ பலத்த காற்றிலோ மலைக்கு ஏறவே வேண்டாம்.

மூன்றாவது ரயில். புகையிரத நிலையத்தின் கூரைக்குக் கீழே நின்று ரயில் வருவதையோ புறப்படுவதையோ பார்ப்பது இந்த வயதுக்கு ஒரு திருவிழா. திருகோணமலைக்கு ஒரு நாளில் வரும் ரயில்கள் மிகச் சில. ஆகவே முதல் நாளே நிலையத்தில் நேரம் கேட்டு வையுங்கள், பிளாட்போமுக்குள் போக என்ன டிக்கெட் என்பதையும் கேளுங்கள். கந்தளாய், கல்லோயாப் பக்கம் வெள்ளம் வந்தால் ரயில் தாமதமாகும், சில நாள் வராமலே போகும். காலையில் புறப்படுமுன் கேட்டுக்கொள்ளாமல் பிள்ளைக்கு "ரயில் பார்க்கப் போறம்" என்று வாய் விடாதீர்கள். சீனன்குடா வரை ஏறிப் போய், பஸ்ஸிலோ ஓட்டோவிலோ திரும்பி வந்தாலும் நல்ல பயணம்தான். யன்னலில் மழைத்துளி ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்தபடியே என் மகள் இருந்தாள். மழை நாளில் யன்னலைத் திறக்க முடியாததால் உள்ளே புழுங்கும், மெல்லிய உடுப்பாகப் போடுங்கள்.

அதே போலக் கிண்ணியா பஸ். நகர பஸ் நிலையத்தில் ஏறி, யன்னல் ஓரச் சீற்றில் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சீனன்குடாவில் பிரிமா மா ஆலையின் உயரமான கட்டடம் வரும், பிறகு வெள்ளைமணல், பிறகு கிண்ணியாப் பாலம். 2009இல் திறந்த பாலம், 396 மீற்றர் நீளம். அதற்கு முன்பு பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் வாகனத்தை ஏற்றிக் கடந்தோம். நான் சின்னவளாக இருந்தபோது மழையில் பாதைக்குக் காத்து நின்ற நாட்கள் நினைவிருக்கிறது, அம்மா தன் சேலைத் தலைப்பால் என்னை மூடிக்கொண்டு நிற்பார். இப்போது இரண்டு பக்கமும் தண்ணீராக இருக்கும் அந்தப் பாலத்தைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆகவே வருமுன்பே பிள்ளையைத் தயார்படுத்துங்கள், "இப்ப பாலம், இப்ப பாலம்" என்று. கிண்ணியாவில் இறங்கி ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுங்கள். நெரிசல் நேரத்தைத் தவிர்த்து ஒன்பதரைக்குப் பிறகு ஏறினால் சீற் கிடைக்கும்.

கடற்படை அருங்காட்சியகமும் உண்டு. ஒல்லாந்தர் காலத்துப் பழைய கட்டடம், தடித்த சுவர், மழைக்கு நல்ல இடம். பிள்ளைக்கு வெளியே இருக்கும் பீரங்கிகளும் கப்பல் மாதிரிகளும் பிடிக்கும், எழுத்துப் பலகைகள் உங்களுக்கு. திறந்திருக்கும் நேரத்தை முன்பே கேட்டுவிட்டுப் போங்கள்.

ஒன்றுமே சரிவராத நாளுக்கு உட்துறைமுக வீதி. ஓட்டோவை ஓரமாக நிறுத்தச் சொல்லி, கடல் பக்கத்துப் படங்கை மட்டும் சுருட்டிவிட்டு, உள்ளே இருந்தபடியே கப்பல் பாருங்கள். வெளிக்கடல் குமுறும் நாளிலும் உட்துறைமுகம் குளம் போல இருக்கும். பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டு போனால் உங்களுக்கும் ஓர் இளைப்பாறல்.

கன்னியா பற்றிக் கேட்பார்கள். நகரில் இருந்து ஏறத்தாழ 8 கிலோமீற்றர், அனுராதபுரம் வீதியில். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கியவை என்று சொல்லப்படும் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. குளிர்ந்த தூறல் நாளில் இளஞ்சூட்டுத் தண்ணீர் பிள்ளையின் காலில் விழும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆனாலும் இரண்டு பெரியவர்கள் இல்லாமல் போக மாட்டேன். கிணற்றுக் கட்டு உயரம் குறைவு, சுற்றிலும் ஈரத்தரை. ஒருவர் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்க, மற்றவர் சூடு குறைந்த கிணற்றில் வாளியால் அள்ள வேண்டும். முழங்கையில் ஊற்றிச் சூடு பார்த்த பிறகே பிள்ளையின் காலுக்கு ஊற்றுங்கள். தலைக்கு வேண்டாம், திரும்பி வரும் வழியில் காற்றுப் படும். பலத்த மழை நாளில் இந்தப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

போகக் கூடாத இடங்கள்

மாரியில் கடல் விளையாட்டு இடம் இல்லை. டச்சுக்குடா, உப்புவெளி, நிலாவெளி மூன்றிலும் அலை எதிர்பாராமல் மேலே ஏறும், மணலை அரித்துப் பள்ளமாக்கும். கோடையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற இடம் இப்போது அப்படி இருக்காது. மதிலில் இருந்தோ வீதியில் இருந்தோ பார்த்தால் போதும். புறாத்தீவுப் படகு கோடைக்காலத்துக் கதை, வைகாசி வரட்டும்.

சேறு, தண்ணீர் விளையாட்டு

பிள்ளை தண்ணீரில் குதிக்கத்தான் செய்யும், தடுக்காதீர்கள். எந்தத் தண்ணீர் என்பதை மட்டும் நீங்கள் தெரிவுசெய்யுங்கள். வீட்டு வளவில் மணலில் அல்லது புல்லில் சற்றுமுன் தேங்கிய மழைத் தண்ணீர் சரி. வீதித் தண்ணீர், கான் கலந்த தண்ணீர், சந்தைப் பக்கத்துத் தண்ணீர் கூடாது. எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீரில்தான் வரும், அதுவும் காலில் சின்னக் கீறல் இருந்தால் போதும். திருகோணமலை மணல் நிலம். எங்கள் வளவில் மழை விட்டு அரை மணித்தியாலத்தில் தண்ணீர் உறிஞ்சிப் போய்விடும், ஆகவே விளையாட விடுவதென்றால் உடனே விடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். வந்தவுடன் கால், கை சவர்க்காரம் போட்டுக் கழுவி, தலையைத் துவட்டி, உலர்ந்த உடுப்புப் போட்டு, சூடாக ஏதாவது கொடுங்கள். பிட்டும் சொதியும், இல்லாவிட்டால் கஞ்சி. அப்புறம் நுளம்பு. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, காலையிலும் பின்னேரமும் அதிகம். வெளியே போகும்போது நீளக் கை, நீளக் காற்சட்டை. மத்தியான நித்திரைக்கும் நுளம்பு வலை. 2017இல் கிண்ணியாப் பக்கம் டெங்கு எப்படிப் பரவியது என்று இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் வளவைச் சுற்றி நடந்து சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு, பிள்ளையின் விளையாட்டு வாளி எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், வாளி கவிழ்ப்பது அவர்களுக்கு விளையாட்டுத்தான்.

காய்ச்சல் வந்தால் நிறைக்கு ஏற்ற அளவில் பரசிற்றமோல் மட்டும். இபுபுரூபன், அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. சின்னப் பிள்ளை என்பதால் காத்திருக்காமல் வைத்தியரிடம் காட்டி, இரத்தப் பரிசோதனை எப்போது செய்ய வேண்டும் என்று கேளுங்கள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நாம் மூச்சு விடும் நேரம்தான் டெங்கில் கவனிக்க வேண்டிய நேரம். வயிற்று நோ, விடாத சத்தி, சலம் குறைதல், கைகால் குளிர்தல், மூக்கிலோ முரசிலோ இரத்தம், வழமைக்கு மாறாகச் சோர்ந்து கிடத்தல், இதில் எது கண்டாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரி. 1990 அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

நாள் முழுக்க விடாத மழை

அந்த நாளும் வரும், தொடர்ந்து இரண்டு மூன்று நாள் வரும். அன்று வெளியே போவது என்றால் பக்கத்து வீட்டு விறாந்தைக்குப் போவதுதான். ஊருக்குப் புதிது என்று கூச்சப்படாதீர்கள். மதிலுக்கு மேலால் "பிள்ளையோட கொஞ்ச நேரம் வரட்டே?" என்று கேட்டால் இந்த ஊரில் வேண்டாம் என்று சொல்லும் வீட்டை நான் காணவில்லை. கையில் கொண்டு போவதற்கு ஒரு கிண்ணம் அவித்த கடலையோ நாலு வாழைப்பழமோ போதும். அந்த வீட்டிலும் ஒரு பிள்ளை இருந்தால் பழைய கொப்பித் தாள் நாலு கொண்டு போங்கள், கூரைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் கடதாசிக் கப்பல் விடலாம். போன மாரியில் மதிலடியில் என்னைக் கேட்ட அந்தத் தாயின் மகனும் என் மகளும் இப்படித்தான் சிநேகிதமானார்கள். இப்போது மழை தூறத் தொடங்கினாலே இரண்டு பக்கமும் மதிலில் தட்டுகிறார்கள்.

இரவில் பையை வெறுமையாக்கி, துவாயைக் காயவைத்து, மாற்று உடுப்பைத் திரும்ப அடுக்கி, கதவுக்குப் பக்கத்து ஆணியில் கொழுவிவிடுங்கள். நாளைக் காலை எட்டரைக்கு மழை விடக்கூடும்.